வீட்டின் பாணியை அறிய எதிலிருந்து தொடங்குவது?

பழைய வீடு ஒன்றின் முன் நின்று “இது என்ன பாணி?” என்று கேட்கிறவருக்கு வேண்டியது பெரும்பாலும் ஒரு பெயர்தான். ஜார்ஜியன் என்றோ விக்டோரியன் என்றோ ஆர்ட் டெக்கோ என்றோ யாராவது சொல்லிவிட்டால் தலையாட்டிவிட்டு நடையைக் கட்டுவார். பெயர் தெரிந்த நொடியோடு வீட்டைப் பார்ப்பதும் முடிந்துபோகும். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் பெயர் பொறுக்கிக்கொண்டு திரிந்தேன். பெயர் கடைசியில் வர வேண்டிய சங்கதி, அதற்கு முன் கண்ணுக்கு ஒரு பிடிமானம் வேண்டும் என்பது தாமதமாகத்தான் உறைத்தது.

எதைப் பிடிமானமாக வைத்துக்கொள்வது? அலங்காரத்தைப் பார்க்கலாம், கூரையைப் பார்க்கலாம், ஜன்னலைப் பார்க்கலாம், சுவர் எழும்பியிருக்கும் விதத்தைப் பார்க்கலாம், உள்ளே அறைகள் அமைந்திருக்கும் ஒழுங்கைப் பார்க்கலாம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார் என்று சொல்வது எளிது. புதிதாகப் பழகுகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, எல்லாவற்றின் மீதும் ஓடுகிற கண் எதன் மீதும் நிற்காது. ஆகவே ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். இதற்கு நான் வைத்துக்கொண்ட கேள்விகள் இரண்டு. தெருவில் நின்றபடியே அது கண்ணில் படுமா? பின்னால் குடிவந்தவர்கள் அதை எவ்வளவு சுலபமாக மாற்றியிருக்க முடியும்?

முதலில் எல்லோரையும் இழுப்பது அலங்காரம். பிரஸ்ஸல்ஸ் நகரில் விக்டர் ஓர்டா 1893இல் கட்டி முடித்த தாசெல் வீட்டின் படிக்கட்டில் இரும்பும் தரையும் சுவரோவியமும் ஒரே கொடியாகச் சுழன்று ஏறுவதைப் பார்த்தவருக்கு ஆர்ட் நூவோ என்ற பெயரை யாரும் விளக்க வேண்டியதில்லை. நியூசிலாந்தின் நேப்பியர் நகரம் 1931 பிப்ரவரி நிலநடுக்கத்தில் சரிந்து, அன்றைய புதுப் பாணியிலேயே மீண்டும் எழுந்தது. அங்கே படிப்படியாக ஏறும் முகப்பு, சூரியக் கதிர் வடிவம், வளைந்த மூலை என்று ஆர்ட் டெக்கோவின் அடையாளங்களை ஒரே தெருவில் பொறுக்கி எடுத்துவிடலாம். மும்பை மரைன் டிரைவின் அடுக்குமாடி வீடுகளும் அப்படியே. அந்தக் கடற்கரை வரிசையும் அதை அடுத்துள்ள விக்டோரியன் கோதிக் கட்டடங்களும் சேர்ந்து 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. அலங்காரம் தருகிற மகிழ்ச்சி உடனடியானது. ஒருவருக்கு வீடுகளின் மேல் ஆசை வருவதே பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

ஆனால் வீட்டின் உறுப்புகளில் அதிகம் பொய் சொல்வதும் அதுவே. டியூடர் பாணியை எடுத்துக்கொள்வோம். வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். அதுதான் அடையாளம் என்று சொல்லித்தருவார்கள். 1485 முதல் 1603 வரை டியூடர் அரசர்கள் இங்கிலாந்தை ஆண்ட காலத்தில் அந்த மரச்சட்டம்தான் வீட்டைத் தாங்கும் எலும்பு. மரங்களை ஒன்றோடொன்று கோத்து, மர ஆணி அடித்து நிறுத்தி, இடைவெளியைப் பிரம்பு போன்ற குச்சிப் பின்னலாலும் மண்ணாலும் அடைத்தார்கள். மேல்மாடி கீழ்மாடியைவிடச் சற்றே முன்னால் துருத்தி நிற்கும். மரம் வளைந்திருந்தால் வளைந்தபடியே நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இதே தோற்றத்தை மறுபடி விரும்பியபோதோ, செங்கல் சுவர் எழுப்பிப் பூசி, அதன் மேல் பலகையை அறைந்துவிட்டார்கள். அந்தப் பலகையைப் பிடுங்கினாலும் வீடு நிற்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்று; நடுவே முந்நூறு ஆண்டு.

குவீன் ஆன் பாணி இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவில் கோபுர மூலையும் கடைசல் மரத் தூண்களும் வீட்டைச் சுற்றிவரும் தாழ்வாரமுமாக நிற்கும் வீடுகளுக்கு இந்தப் பெயர். ஆன் அரசி ஆண்டது 1702 முதல் 1714 வரை. இந்த வீடுகள் பெருகியதோ 1880களிலும் 1890களிலும். அரசிக்கும் அவற்றுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அந்த அலங்காரத்தைத் தச்சரின் பொறுமை என்று நினைத்து நெகிழ்கிறவர்களும் உண்டு. உண்மையில் அது இயந்திரக் கடைசலும் ரயிலும் சேர்ந்து செய்த வேலை. மெல்லிய மரக்கட்டைகளை ஆணியடித்து வீட்டின் கூட்டை எழுப்பும் முறை 1830களில் சிகாகோ பக்கம் பரவியது. கனத்த உத்தரங்களைக் கோக்க வேண்டிய கட்டாயம் போனதும், வீட்டை எந்த மூலையில் வேண்டுமானாலும் பிதுக்கலாம், மடக்கலாம் என்றாயிற்று. தொழிற்சாலையில் கடைந்த தூண்கள் ரயிலேறி வந்தன. அடுத்த கட்டமாக, அஞ்சல்வழி விற்பனை நிறுவனமான சியர்ஸ் 1908 முதல் 1940 வரை வீட்டையே பட்டியலில் போட்டு விற்றது. பக்கத்தைப் புரட்டி, டியூடர் சாயலா காலனியல் சாயலா என்று பார்த்து எழுதினால், வெட்டிய மரமும் ஆணியும் வரைபடமுமாக மொத்த வீடும் வந்து இறங்கும்.

இதனால் அலங்காரம் வீண் என்று சொல்ல வரவில்லை. வீட்டுக்காரர் தன்னை உலகம் எப்படிப் பார்க்க வேண்டும் என்று விரும்பினார் என்பதை அதைவிட நேராகச் சொல்வது வேறெதுவும் இல்லை. எப்போது, எப்படிக் கட்டினார் என்று கேட்டால் மட்டும் அதை நம்ப முடியாது.

கூரை இதற்கு நேர்மாறு. தூரத்திலிருந்தே தெரியும், மாற்றுவது பெரும் செலவு, கற்க வேண்டிய வடிவங்களும் சில மட்டுமே. இரு பக்கம் சரிந்து முனைகளில் முக்கோணச் சுவர் காட்டுவது ஒன்று. நான்கு பக்கமும் சரிவது ஒன்று. இரு பக்கச் சரிவுதான், ஆனால் ஒவ்வொரு சரிவும் நடுவில் ஒடிந்து இரண்டாகிறது என்றால் கேம்ப்ரல். அதே ஒடிசல் நான்கு பக்கமும் இருந்தால் மன்சார்ட். தட்டையான மொட்டை மாடி ஒன்று. ஒரு பிற்பகல் போதும், இவை கைவசமாகிவிடும். கேம்ப்ரலையும் மன்சார்டையும் குழப்பிக்கொள்ளாதவர் அபூர்வம் என்பதால் அந்த ஒன்றில் மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும்.

கூரை எப்போதும் வானத்துக்குப் பதில் சொல்கிறது. ஜப்பானின் ஷிரகாவா-கோ மலைக்கிராமத்துப் புல் கூரைகள் ஏறக்குறைய 60 பாகை செங்குத்தாக நிற்கும். அந்தப் பாணிக்கு அங்கே இட்ட பெயரின் பொருளே கூப்பிய கைகள். கனத்த பனி தங்காமல் வழுக்கி விழ அந்தச் சரிவு. அவ்வளவு உயரக் கூரைக்குள் கிடைத்த மாடங்களில் பட்டுப்புழு வளர்த்தார்கள். வானத்துக்காகக் கட்டியது வயிற்றுக்கும் உதவியது. மன்சார்ட் கதை வேறு மாதிரி. 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா மன்சார் பெயரால் அது வழங்குகிறது. அவர் அதைக் கண்டுபிடித்தவர் அல்லர், பரப்பியவர். பாரிஸில் கட்டட உயரத்துக்கு வரம்பு விதித்தபோது அளவு சுவரின் உச்சி விளிம்போடு நின்றது, கூரை கணக்கில் வரவில்லை. சட்டத்துக்குத் தலைவணங்கியபடியே கூரைக்குள் ஒரு முழுத் தளத்தை ஒளித்துக்கொள்ள அந்த ஒடிந்த சரிவு தோதாக இருந்தது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அது நகரத்தின் முகமாகவே ஆகிவிட, கடல் கடந்து அமெரிக்காவிலும் நாகரிகமானது.

வானத்தை எதிர்த்தும் கட்டலாம். நவீனக் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே பாரிஸ் அருகே புவாசியில் 1931இல் முடித்த வில்லா சவோய், தட்டைக் கூரையின் மேல் தோட்டம் என்ற கனவின் உச்சம். மழை வந்தபோது ஒழுகியது. வீட்டுக்காரர்கள் அவருக்கு முறையீட்டுக் கடிதங்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அந்த வீட்டை எனக்குப் பிடிக்கும். அதில் குடியிருக்கச் சொன்னால் மறுத்துவிடுவேன்.

கூரையின் குறை, அது இடத்தைச் சொல்லும் அளவுக்குக் காலத்தைச் சொல்லாது என்பதே. சாதாரண இருபக்கச் சரிவுக் கூரையை மனிதர்கள் பல நூற்றாண்டுகளாக ஒரே மாதிரிதான் போட்டு வருகிறார்கள். விதிவிலக்குகள் உண்டு. சிகாகோவில் பிராங்க் லாயிட் ரைட் 1910இல் முடித்த ரோபி வீட்டில், தாழ்ந்த கூரையும் தூண் இல்லாமல் வெளியே நீளும் இறவாரமும் சேர்ந்து அது அமெரிக்க நடுமேற்குச் சமவெளியின் பெயர் தாங்கிய பிரெய்ரி பாணி என்று காலத்தோடு சொல்லிவிடுகின்றன. ஆனால் அப்படிப் பேசும் கூரைகள் குறைவு.

காலம்தான் வேண்டும் என்றால் ஜன்னலுக்கு வர வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த உறுப்பும் அதுதான், ஆகவே கொஞ்சம் நீட்டிப் பேசுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தின் ஜார்ஜியன் வீடுகளில், அதாவது 1714 முதல் 1830 வரை ஜார்ஜ் என்ற பெயருடைய அரசர்கள் ஆண்ட காலத்து வீடுகளில், மேலும் கீழும் நகரும் ஜன்னல்களைப் பாருங்கள். மேல் பாதியில் ஆறு சிறு கண்ணாடி, கீழ்ப் பாதியில் ஆறு. ஏன் அத்தனை சிறிதாக? அழகுக்காக மட்டும் அல்ல. அன்று நல்ல கண்ணாடி என்பது ஊதிச் சுழற்றி வட்டத் தட்டாக விரித்து எடுத்தது. அந்த வட்டத்திலிருந்து பெரிய சதுரம் வெட்ட வராது. சிறு துண்டுகளை மரச்சட்டத்தில் பொருத்தினால்தான் பெரிய ஜன்னல். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பெரிய தகடுகளாகக் கண்ணாடி செய்யும் முறை மலிவானது. 1845இல் பிரிட்டன் கண்ணாடி மீதான தீர்வையையும் நீக்கியது. உடனே குறுக்குச் சட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஆறுக்கு ஆறு, இரண்டுக்கு இரண்டாகி, கடைசியில் ஒன்றுக்கு ஒன்று ஆயிற்று. பெரிய கண்ணாடி கனமானது, தாங்க உள்சட்டமும் இல்லை. ஆகவே மேல் பாதியின் பக்கச் சட்டங்களைக் கீழே கொஞ்சம் நீட்டி, மூலைப் பொருத்துகளை உறுதிப்படுத்தினார்கள். சிறிய கொம்பு போல் தெரியும் அந்த நீட்டலைக் கண்டால் அந்த ஜன்னல் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோ அதற்குப் பிந்தையதோ என்று சொல்லிவிடலாம். விரல் நீளக் கட்டை. நூறாண்டுக் கணக்கைத் தீர்க்கிறது.

சட்டமும் ஜன்னலில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. லண்டனில் தீ பரவாமல் தடுக்க 1709இல் வந்த விதி, மர ஜன்னலைச் சுவரின் வெளிமுகத்திலிருந்து நான்கு அங்குலம் உள்ளே தள்ளி வைக்கச் சொன்னது. 1774 விதி, ஜன்னலின் மரப்பெட்டியையே செங்கலுக்குப் பின்னால் மறைக்கச் சொன்னது. ஆகவே அங்கே ஜன்னல் சுவரோடு ஒட்டி நின்றால் ஒரு காலம், உள்வாங்கினால் ஒரு காலம், சட்டம் மெலிந்து கோடாகத் தெரிந்தால் இன்னொரு காலம். லண்டனைத் தாண்டி இந்த வழக்கம் மெதுவாகவே பரவியது என்பதால் வெளியூர்களில் இதே கணக்கைக் கறாராகப் போடக்கூடாது. 1696 முதல் 1851 வரை ஜன்னலுக்கு வரியும் இருந்தது. அடைத்த ஜன்னலைக் காட்டி “வரிக்குப் பயந்து மூடியது” என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். சில அப்படித்தான். ஆனால் முகப்பின் இரு பாதியும் ஒத்திருக்க வேண்டும் என்பதற்காகக் கட்டும்போதே பொய் ஜன்னல் வைத்த வீடுகளும் ஏராளம். இந்தக் கதையை உடனே நம்பிவிடாதவரைத்தான் நான் நல்ல பார்வையாளர் என்பேன்.

கெய்ரோவில் 1648இல் தொடங்கிய சுஹைமி வீட்டின் ஜன்னல்கள் வேறு பாடம். கடைந்த மரக்குமிழ்களைக் கோத்த பின்னல் திரை வழியாக உள்ளே இருப்பவர் தெருவைப் பார்க்கலாம், தெருவில் இருப்பவர் உள்ளே பார்க்க முடியாது. வெயில் வடிகட்டப்படும், காற்று நுழையும். காலத்தை அந்த ஜன்னல் சொல்லாமல் போகலாம்; யார் பார்க்கலாம், யார் பார்க்கப்படக்கூடாது என்ற வீட்டு ஒழுங்கைச் சொல்லிவிடும்.

இத்தனை பேசும் ஜன்னலுக்கு ஒரு தீராத குறை: வீட்டில் முதலில் மாற்றப்படுவது அதுதான். மரம் உளுத்தது, குளிர் நுழைந்தது, அடுத்த வாரம் பிளாஸ்டிக் சட்டம் வந்துவிடும். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பொய்க் குறுக்குக்கோடு வைத்த ஜன்னல்கூட வருகிறது. சாய்ந்த வெளிச்சத்தில் கண்ணாடியில் தெரியும் பிம்பம் நெளிந்தால் பழையது, ஆடி போல் அசையாமல் நின்றால் புதியது. இதையும் பார்த்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

சுவரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, பூச்சு மறைத்துவிட்டால் அது ஊமை. பூசாத செங்கல் என்றால் அடுக்கைப் பாருங்கள். கல்லின் நீள முகமும் குட்டை முகமும் மாறிமாறி வந்தால் சுவர் திடமானது, முன்னும் பின்னும் கோத்தது. நீள முகம் மட்டுமே வரிசை வரிசையாக ஓடினால், பெரும்பாலும் அது நடுவே இடைவெளி விட்ட இரட்டைச் சுவரின் வெளித்தோல், 20ஆம் நூற்றாண்டு வேலை. பழைய தோற்றம் காட்டும் பல வீடுகளின் குட்டு இங்கேதான் உடைகிறது.

இனி அறைகளின் அமைப்பு. உண்மை அதிகமாக இருக்கும் இடம் அது, எட்டுவதற்குக் கடினமானதும் அதுவே. பிராகில் அடோல்ஃப் லோஸ் 1930இல் முடித்த வில்லா முல்லர் வெளியே வெறும் வெள்ளைக் கனசதுரம். ஜன்னல்கள் ஏனோதானோ என்று சிதறிக் கிடக்கும். உள்ளே போனால் பச்சை நரம்போடும் பளிங்கு. ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு மட்டத்தில், ஒவ்வொரு உயரத்தில். வெளியே சிதறலாகத் தெரிந்தது உள்ளிருந்து பார்த்தால் கணக்கு. இங்கிலாந்தின் பாத் நகரத்து ராயல் கிரெசென்ட் தலைகீழ் உதாரணம். கட்டடக் கலைஞர் இளைய ஜான் வுட் 1767இல் தொடங்கிய அந்த அரைவட்ட வரிசையில் 30 வீடுகளுக்கும் ஒரே முகப்பு, 114 தூண்கள், ஓர் இம்மி விலகல் கிடையாது. வாங்கியவர்கள் முகப்பின் ஒரு துண்டை வாங்கி, அதன் பின்னால் தங்கள் கட்டடக்காரரை வைத்து இஷ்டம்போல் கட்டிக்கொண்டார்கள். பின்புறம் சென்று பார்த்தால் உயரம் ஒத்துப்போகாது, கூரை ஒத்துப்போகாது. முன்னால் அரண்மனை, பின்னால் முப்பது குடும்பம்.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது: வடிவம் வேறு, பாணி வேறு. பங்களா என்பது வங்காளத்துக் குடிசையின் பெயரிலிருந்து கிளம்பி உலகம் சுற்றிய ஒரு வடிவம். கலிபோர்னியாவில் அது கைவினையைப் போற்றிய கிராப்ட்ஸ்மன் பாணி மரவேலையை உடுத்திக்கொண்டது, சிகாகோவில் செங்கல்லை. நியூ ஆர்லியன்ஸின் ஷாட்கன் வீடு ஏறக்குறைய 12 அடி அகலத்தில், நடைபாதை இல்லாமல், அறைக்குப் பின் அறையாக நீளும். முகப்பில் கிரேக்கத் தூண் வைத்தாலும் விக்டோரியன் மரச்சரிகை ஒட்டினாலும் உள்ளே அதே வரிசைதான். முற்றத்தைச் சுற்றிய வீட்டை ரோமர்கள் பொம்பேயில் கட்டினார்கள், சீனர்கள் பெய்ஜிங்கில் கட்டினார்கள், நகரத்தார் செட்டிநாட்டில் கட்டினார்கள். பாணி என்று பார்த்தால் மூன்றுக்கும் தொடர்பில்லை. நடுவே வானத்தை வைத்துச் சுற்றிலும் தாழ்வாரம் ஓட விட்டதில் மூன்றும் ஒன்று.

அழைப்பு இல்லாமல் யார் வீட்டுக்குள்ளும் போக முடியாதே என்றால், வெளியிலிருந்தே அமைப்பைப் படிக்கக் குறுக்குவழி இருக்கிறது. வாசலையும் புகைபோக்கியையும் பாருங்கள். வாசல் நடுவில், இருபுறமும் இரண்டிரண்டு ஜன்னல் என்றால் உள்ளே நடுக்கூடம், இரு பக்கம் அறைகள் என்று எதிர்பார்க்கலாம். வாசல் ஓரத்தில் ஒதுங்கினால் கூடமும் ஓரத்தில். அமெரிக்காவின் வடகிழக்கில் குடியேறிய தொடக்ககால ஆங்கிலேயர் வீடுகளில் புகைபோக்கி நட்டநடுவே எழும். குளிருக்கு எல்லா அறையும் அந்த ஒரே அடுப்புத் திரளைச் சுற்றிக் குந்தியிருக்கும். தெற்கே வர்ஜீனியா பக்கம் அதே மக்கள் புகைபோக்கியை வீட்டின் இரு கோடிகளுக்குத் தள்ளினார்கள். கோடையில் சூடு வீட்டின் நடுவே தேங்கக்கூடாது. ஒரு புகைபோக்கி நிற்கும் இடத்திலிருந்து வீட்டின் வயிற்றுக்குள் பார்த்துவிடலாம்.

சரி, எதைத் தேர்வது? பழைய வீட்டை வாங்கவோ பழுதுபார்க்கவோ போகிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம்: அறை அமைப்பும் சுவரும். அலங்காரத்தில் மயங்கி வாங்கினால் பலகைக்குப் பின்னால் இருப்பதற்குத்தான் செலவழிக்க வேண்டி வரும். அறியாத நாட்டில் ஊர் சுற்றுகிறவருக்குக் கூரை போதும், அது முதல் நாளே பேசத் தொடங்கிவிடும். சிறுவர்களோடு நடக்கிறீர்கள் என்றால் அலங்காரத்தையே காட்டுங்கள், சிங்க முகத்தையும் சூரியக் கதிரையும் எண்ணச் சொல்லுங்கள்; மன்சார்டை அவர்கள் பிறகு கற்றுக்கொள்ளட்டும்.

விருப்பத்துக்காக மட்டும் பழகுகிறவருக்கு என் பரிந்துரை, கூரையையும் ஜன்னலையும் ஜோடியாக எடுத்துக்கொள்வது. ஒன்று எளிதில் மாறாதது, ஆனால் காலம் சொல்லாதது. மற்றது காலம் சொல்வது, ஆனால் எளிதில் மாறுவது. இரண்டும் ஒத்துப்போனால் வாசலையும் புகைபோக்கியையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, தைரியமாகப் பெயர் சொல்லலாம். ஒத்துப்போகாவிட்டால் இன்னும் நல்லது. செங்குத்தான பழைய கூரையின் கீழ் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் நின்றால், நடுவில் யாரோ வந்திருக்கிறார், கையில் பணம் இருந்திருக்கிறது, வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டிருக்கிறார். அந்த வீட்டுக்கு இரண்டு பிறந்த தேதி. அதற்கு ஒற்றைப் பெயர் தேடுவதை அங்கேயே விட்டுவிடலாம்.

இந்த வழிமுறை எடுபடாத வீடுகளும் உண்டு. கொழும்பில் 1960களின் தொடக்கத்தில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, பத்திக் கலைஞர் எனா த சில்வாவுக்காகக் கட்டிய வீடு அப்படிப்பட்டது. கூரை பழைய சிங்களப் பெருமாளிகைகளான வளவுகளின் ஓட்டுக்கூரை, நடுவே முற்றம், அறைகள் ஒன்றில் ஒன்று கரையும் விதமோ முழுக்க நவீனம். கூரையைக் கேட்டால் ஒரு நூற்றாண்டைச் சொல்லும், நடந்து பார்த்தால் இன்னொன்றை. இரண்டும் ஒரே நாளில், ஒரே கையால் போட்டவை. நடுவில் யாரும் வந்து மாற்றவில்லை. பல ஆண்டுகள் கழித்து அந்த வீட்டைப் பிரித்து, ஓடும் கல்லும் மரமுமாக எடுத்துச் சென்று, பெந்தோட்டை அருகே பாவாவின் லுனுகங்கா தோட்டத்தில் மறுபடி பொருத்தினார்கள். இப்போது அதன் கூரையின் மேல் இருப்பதுகூட வேறு வானம்.